வேலை கடல் தாண்டும், புரிதல் தாண்டுமா?

2004-ஆம் ஆண்டின் பனிக்காலம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலம் ஒன்றில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடி. ஐம்பத்தெட்டு வயது நிரலாளர் ஒருவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். அவர் செய்துவந்த வேலையைக் கற்றுக்கொண்டு சென்னைக்குக் கொண்டுவருவதுதான் எனக்குத் தரப்பட்டிருந்த பணி. எங்கள் துறையில் அதற்குப் பெயர் ‘கேடி’. நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதன் சுருக்கம்.

நான் கற்று முடிக்கிற நாளில் அவருடைய மேசை காலியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆறு வாரத்தில் ஒருநாள்கூட நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவரிடம் மஞ்சள் தாள் கொண்ட ஒரு குறிப்பேடு இருந்தது. இரவில் ஓடும் ‘பேட்ச்’ நிரல்கள் எந்தெந்த இடத்தில் நின்றன, எப்படிச் சரிசெய்தார் என்று இருபது வருடத்துக் கணக்கு அதில் இருந்தது. கேட்டதும் நகலெடுத்துக்கொள்ளக் கொடுத்தார். எதையும் மறைக்கவில்லை. நான் 140 பக்க ஆவணம் ஒன்றை எழுதி முடித்தேன். மேலாளர்கள் கையெழுத்திட்டார்கள். வேலை சென்னைக்கு வந்துசேர்ந்தது.

அடுத்த ஜனவரி. அங்கே நள்ளிரவு, இங்கே காலை பத்தரை. பிரீமியக் கணக்கு போடும், ‘கோபால்’ (COBOL) மொழியில் எழுதிய நிரல் பாதியில் நின்றுவிட்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தால் மெயின்ஃப்ரேம் ‘எஸ்-ஜீரோ-சி-செவன்’ என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். எங்கள் ஆவணத்தில் அதற்குத் தீர்வு இருந்தது: பிழையுள்ள வரிகளைத் திருத்தி மறுபடி ஓட்டவும். காலியிடங்களில் பூஜ்யத்தைப் போட்டோம். நிரல் ஓடி முடிந்தது. அன்றைய அறிக்கையில் எல்லாம் பச்சை.

மூன்று நாள் கழித்துத் தொலைபேசி அலறியது. சில நூறு வாடிக்கையாளர்களுக்குப் பூஜ்ய டாலர் பிரீமியம் என்று பில் போயிருந்தது. அந்த வெற்றிடம் பிழையே இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டைக் கட்டுப்படுத்துவது மாநில அரசுகள். ஒரு மாநிலத்தின் புதிய கட்டண விகிதத்துக்கு ஒப்புதல் வரும்வரை அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டுவைப்பார்கள். அந்த வரிகளை ஒதுக்கி நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றைத்தான் ஓட்ட வேண்டும். பழைய நிரலாளர் ஒவ்வோர் ஆண்டும் அதைத்தான் செய்துவந்திருக்கிறார். அது அவருக்கு மென்பொருள் விஷயமாகவே தோன்றவில்லை. அதனால் குறிப்பேட்டில் எழுதவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ‘இந்த இடம் காலியாக வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்ட நான், ‘ஏன் காலியாக வருகிறது?’ என்று கேட்கவில்லை.

இதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் அதே மனிதர். வேலை போன பிறகு, அதே நிறுவனத்தின் கட்டண நிர்ணயப் பிரிவு அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, எங்கள் மாலை நேர அழைப்புகளில் மறுமுனையில் அவர் இருந்தார். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார், நாங்கள் செய்துகொடுப்போம்.

இந்தக் கதையை இருபது ஆண்டுகளாக மனதில் வைத்திருக்கிறேன். இப்போது எழுதக் காரணம், அன்று அவர் இருந்த நாற்காலியில் இன்று நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

எழுதி அனுப்பக்கூடிய வேலை

வேலை எப்படிக் கடல் தாண்டி நம்மிடம் வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1974-இல் பரோஸ் கணினி நிறுவனத்துடன் சேர்ந்து டிசிஎஸ் மென்பொருள் ஏற்றுமதியைத் தொடங்கியது. 1985-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இங்கே எழுதிய நிரலை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதுவரை மென்பொருள் ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் ஆட்களை விமானம் ஏற்றுவதுதான். 1991-இல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களை ஏற்படுத்தி, சிறு நிறுவனங்களுக்கும் அந்த இணைப்பு கிடைக்க வழிசெய்தது. 1994-இல் சென்னையில் பிறந்த ஒரு நிறுவனம்தான் பிற்பாடு காக்னிசண்ட் ஆனது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை எப்படி மாறியது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வளர்ச்சிக்குப் பெரிய உந்துதல் தந்தது ‘ஒய்டூகே’. ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கம் மட்டும் வைத்திருந்த பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் தடுமாறும் என்ற நிலை. கோடிக்கணக்கான வரிகளைப் படித்துத் திருத்த ஆட்கள் வேண்டியிருந்தது. நம்மிடம் ஆட்கள் இருந்தார்கள், ஆங்கிலம் இருந்தது, கூலி குறைவு, இரவு பகல் வித்தியாசமும் உதவியாக அமைந்தது. இவையெல்லாம் எல்லோரும் சொல்லும் காரணங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘இந்த நிரலில் ஆண்டு வரும் இடத்தையெல்லாம் கண்டுபிடி, நான்கு இலக்கமாக்கு, சோதித்துப் பார்’ என்று ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடக்கூடிய வேலை அது. செய்கிறவர் அந்த வங்கியை, அதன் வாடிக்கையாளரை, அந்த ஊரின் சட்டத்தை அறிந்திருக்கத் தேவையில்லை.

அமெரிக்க மத்திய வங்கியின் துணைத் தலைவராக இருந்த பொருளாதார அறிஞர் ஆலன் பிளைண்டர் 2006-இல் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார். எந்த வேலை கடல் தாண்டும் என்பதை அதற்கு எவ்வளவு படிப்பு தேவை என்பது தீர்மானிக்காது. தரம் குறையாமல் கம்பி வழியே அனுப்ப முடியுமா என்பதே தீர்மானிக்கும் என்றார். முடிவெட்டுகிறவரின் வேலை எங்கேயும் போகாது. பெரிய படிப்பு படித்த கணக்காளரின் வேலை போய்விடலாம். நிரல் எழுதுவது கம்பி வழியே போவதற்கென்றே பிறந்தது போன்ற வேலை. ஆனால் நிரலாளரின் வேலை முழுவதும் நிரல் எழுதுவது இல்லை. என் அனுபவத்தில் அதில் பாதிகூட இல்லை.

அமெரிக்காவில் நடந்தது

2003, 2004-இல் அமெரிக்க நிரலாளர்களிடம் இருந்த பயம் நியாயமானது. டாட்காம் சரிவில் ஏற்கெனவே அடிபட்டிருந்தார்கள். தன் வேலைக்கு வரப்போகிறவருக்குத் தானே பயிற்சி கொடுக்கும் நிலை பலருக்கு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டி, ஒரே ஊரில் வீடு வாங்கி, ஒரே மொழியில் நிரல் எழுதியவர்களில் பலரால் பழைய சம்பளத்துக்குத் திரும்பவே முடியவில்லை. நான் கேடி வாங்கிய அந்த மாடியில் அவரையும் சேர்த்துப் பதினொரு பேர் இருந்தார்கள். நிறுவனத்திலேயே வேறு பிரிவுக்குப் போக முடிந்தது மூன்று பேருக்குத்தான். மற்றவர்களின் கதை எனக்குத் தெரியாமலே போய்விட்டது. திறமையை வளர்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பயம் இன்னொரு இழப்பையும் உண்டாக்கியது. அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்களில், கணினி அறிவியலைத் தேர்ந்தெடுக்கும் புதிய மாணவர் எண்ணிக்கை 2000-க்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. எல்லாம் இந்தியாவுக்குப் போகப்போகிறது, இனி எதற்கு இந்தப் படிப்பு என்று பெற்றோரும் ஆசிரியர்களும் சொன்னார்கள். 2006-இல் அமேசான் தன் கிளவுட் சேவையைத் தொடங்கியது. 2007-இல் ஐபோன் வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆள் கிடைக்காமல் பல நிறுவனங்கள் அலைந்தன. கணினித் துறையினரின் சர்வதேச அமைப்பான ஏசிஎம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, அவுட்சோர்சிங் நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்காவில் தகவல் தொழில்நுட்ப வேலைகள் டாட்காம் உச்சத்தைவிடக் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. படிப்பைக் கைவிட்டவர்களின் காதில் அது விழவில்லை.

அந்த நாட்டின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ‘கம்ப்யூட்டர் புரோகிராமர்’, ‘சாஃப்ட்வேர் டெவலப்பர்’ என்று இரண்டு பிரிவுகளைத் தனித்தனியே கணக்கெடுக்கிறது. பிறர் வடிவமைத்துக் கொடுத்ததை நிரலாக எழுதித் தருகிறவர் முதல் வகை. பயன்படுத்துகிறவரின் தேவையை அறிந்து, என்ன கட்ட வேண்டும் என்று முடிவுசெய்து, கட்டி, பராமரிக்கிறவர் இரண்டாம் வகை. 2000-இல் முதல் வகையினர் 5 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். 2023-இல் ஏறத்தாழ 1.4 லட்சம். அதே 2023-இல் இரண்டாம் வகையினர் ஏறத்தாழ 17 லட்சம். பதவிப் பெயர்கள் மாறியதும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. எழுதிக்கொடுத்ததைச் செய்கிறவரின் இடம் சுருங்கியது. எதைச் செய்ய வேண்டும் என்று கண்டறிகிறவரின் இடம் விரிந்தது.

சாட் ஃபவுலர் என்ற அமெரிக்க நிரலாளர், பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மையத்தை அமைத்துக்கொடுத்த அனுபவத்திலிருந்து 2005-இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘என் வேலை இந்தியாவுக்குப் போய்விட்டது’ என்பது அதன் தலைப்பின் பொருள். நான்கு ஆண்டு கழித்து மறுபதிப்பு வந்தபோது தலைப்பையே மாற்றிவிட்டார். ‘ஆர்வமுள்ள நிரலாளர்’ என்பது புதிய தலைப்பு. வேலை போய்விடுமே என்ற பயத்தில் தொடங்கிய ஒரு சிந்தனை, தொழிலை எப்படி நேசித்துச் செய்வது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்ததை அந்த இரண்டு தலைப்புகளும் காட்டுகின்றன. நாமும் அந்தப் பயணத்தைச் செய்தாக வேண்டும்.

இப்போது நம் முறை

2025 ஜூலையில் நம் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் சேவை நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், புதிய எச்1பி விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் பிரகடனம் செய்தார். அதே மாதம், வெளிநாட்டுக்கு வேலையைக் கொடுத்துச் செலுத்தும் தொகைக்கு 25 சதவீதம் வரி விதிக்க வேண்டும் என்று ஒரு மசோதா அமெரிக்க செனட்டில் முன்வைக்கப்பட்டது. இவை ஒருபுறம். மறுபுறம், நம் சேவை நிறுவனங்களுக்கு வேலை கொடுத்துவந்த அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியாவிலேயே சொந்த மையங்களைத் திறந்துவருகின்றன. ‘ஜிசிசி’ எனப்படும் அத்தகைய மையங்கள் 2024-இல் 1,700-ஐத் தாண்டின. ஏறத்தாழ 19 லட்சம் பேர் அவற்றில் வேலை செய்தார்கள். வேலை நாட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் இடைநிலையில் இருந்தவரின் கையை விட்டுப் போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் செயற்கை நுண்ணறிவு. 2021-இல் கிட்ஹப் கோபைலட், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. இன்று ஒரு சிறு நிரலை எழுதச் சொன்னால் கேட்கிற நேரத்துக்குள் எழுதித் தருகிறது. பெரிய சேவை நிறுவனங்களின் அமைப்பு ஒரு கோபுரம் போன்றது. அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான புதியவர்கள், நடுவில் குழுத் தலைவர்கள், உச்சியில் சிலர். வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் என்ற கணக்கில். அந்த அடித்தளத்தில்தான் நம் கல்லூரிகளிலிருந்து வருகிற பிள்ளைகள் வேலைக்கு அமர்கிறார்கள். கணினிக்கு எழுதிக் கொடுத்தால் செய்துவிடும் வேலைகளும் அந்த அடித்தளத்தில்தான் இருக்கின்றன.

இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். எந்த வேலையை ஒரு தாளில் முழுதாக எழுதிக் கடல் தாண்டி அனுப்ப முடிந்ததோ, அதே வேலையைத்தான் இன்று ஒரு இயந்திரத்திடமும் கொடுக்க முடிகிறது. நமக்கு வேலையைக் கொண்டுவந்து சேர்த்த குணமும், இப்போது அதை நம்மிடமிருந்து எடுத்துப்போகும் குணமும் ஒன்றே. ஆகவே அமெரிக்க நிரலாளர்கள் அன்று எதைச் செய்து தப்பினார்கள் என்பது நமக்கு அந்நியக் கதை இல்லை, நமக்கான பாடம்.

‘ஏன்’ என்று கேட்கும் பழக்கம்

முதல் பாடம், எந்தத் தொழிலுக்காக நிரல் எழுதுகிறோமோ அந்தத் தொழிலைக் கற்பது. எங்கள் துறையில் ஆண்டுக்கு ஒரு புதிய மொழி, புதிய ஃபிரேம்வொர்க் கற்கிறவர்கள் நிறைய உண்டு. பத்து வருடம் வங்கிக்கு நிரல் எழுதியும் ஒரு கடன் எப்போது வாராக்கடன் ஆகிறது என்று அறியாதவர்களும் நிறைய உண்டு. நானும் அப்படி இருந்தவன்தான். அந்தப் பூஜ்ய டாலர் பில்லுக்குப் பிறகு, காப்பீட்டுத் தேர்வுகளின் பாடப் புத்தகத்தை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். ஷேர் ஆட்டோவில் சோழிங்கநல்லூர் போகும் நேரத்தில் தினமும் நான்கு பக்கம். ஒரு வருடத்தில் அழைப்புகளின் தன்மையே மாறியது. ‘இதை இப்படி மாற்றிக்கொடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ‘இதில் உங்கள் யோசனை என்ன?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

‘டிக்கெட்’ என்ற பெயரில் கையில் வரும் ஒவ்வொரு வேலைக் கோரிக்கையிலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதை யார் கேட்டார்கள், இது இல்லாமல் அவருக்கு என்ன கஷ்டம்? பல நேரம் பதில் கிடைக்காது. குழுத் தலைவருக்கே தெரியாது. அதை விடாமல் கேட்டுக்கொண்டே மேலே போனால், எங்கோ ஒரு கிளை அலுவலகத்தில் தினமும் நாற்பது முறை அதே பட்டனை அமுக்கிக் களைத்துப்போன ஒரு பெண்மணியிடம் போய்ச் சேர்வீர்கள். அங்கே போய்ச் சேர்ந்தவரை எளிதில் மாற்ற முடியாது.

இரண்டாவது, ஒரு பகுதியையாவது முழுப் பொறுப்போடு சொந்தமாக்கிக்கொள்வது. சேவை நிறுவனங்களில் வேலையைத் துண்டு துண்டாக வெட்டித் தருவார்கள். எழுதுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் ஒருவர், ப்ரொடக்‌ஷனில் ஏற்றுகிறவர் மற்றொருவர். தன் நிரல் ஓடும் இடத்தையே பார்க்காமல் ஐந்து வருடம் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். ரிலீஸ் இரவுகளில் உடனிருங்கள். நிரல் ஓடும்போது பதிவாகும் லாகுகளைப் படியுங்கள். நீங்கள் எழுதியது அதிகாலை மூன்று மணிக்கு நின்றால் உங்கள் தொலைபேசி அடிக்கட்டும். தூக்கம் கெடும், ஆனால் அந்த மூன்று மணி அனுபவத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் தராது.

மூன்றாவது, பிறர் எழுதிய நிரலைப் படிக்கும் திறமை. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிரல் என்பது வெறும் வரிகள் இல்லை, அதை எழுதியவர்கள் மனதில் உள்ள ஒரு கோட்பாடு என்று வாதிட்டார். எழுதியவர்கள் கலைந்துபோனால் வரிகள் இருக்கும், உயிர் இருக்காது. ஆவணத்தால் அதை மீட்டுவிட முடியாது என்பது அவருடைய கருத்து. என்னுடைய 140 பக்க ஆவணம் தோற்ற காரணத்தை, நான் அதை எழுதுவதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பே அவர் சொல்லிவைத்திருந்தார். இயந்திரம் எழுதித் தரும் நிரல் பெருகப் பெருக, யார் மனதிலும் கோட்பாடு இல்லாத வரிகள் மலைபோல் குவியும். அவற்றைப் படித்து, இது எதற்காக, இது உடைந்தால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லக்கூடியவர்களுக்கு மதிப்பு கூடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தருவதை வரி வரியாகப் படிக்காமல் ஏற்றிவிடுகிற இளைஞரைப் பார்க்கும்போது, காலியிடத்தில் பூஜ்யத்தை நிரப்பிய அந்த ஜனவரிக் காலை நினைவுக்கு வருகிறது. நிரல் ஓடியது. எல்லாம் பச்சை. தவறு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான்காவது, தெளிவாக எழுதுவதும் பேசுவதும். நேர வித்தியாசத்தோடு வாழ்கிறவர்கள் நாம். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் ஏழரை. ஒரு நாளில் இரு தரப்பும் சேர்ந்து வேலையில் இருக்கும் நேரம் ஒன்றிரண்டு மணிதான். குழப்பமான ஒரு மின்னஞ்சலுக்கு விளக்கம் கேட்டு, பதில் வாங்கி முடிக்க இரண்டு நாள் ஓடிவிடும். ‘எஸ், ஓகே’ என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அழைப்பு முடிந்ததும் ‘அவர் என்ன சொன்னார்?’ என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புரியவில்லை என்று அழைப்பிலேயே சொல்லத் துணிவு வேண்டும். முடியாது என்பதையும், ஏன் முடியாது என்பதையும் மரியாதையோடு சொல்லப் பழக வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசையில் உட்கார்வதைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது: உச்சரிப்பு எப்படியும் இருக்கட்டும், கேள்வி சரியாக இருந்தால் அவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தேவை

நம் கண்கள் முப்பது வருடமாகக் கடலுக்கு அப்பாலேயே பார்த்துப் பழகிவிட்டன. வாடிக்கையாளர் என்றாலே டாலரில் தருகிறவர் என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் பிறந்த மென்பொருள் தயாரிப்புகளே அந்த எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும். 1996-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்று ஜோஹோ என்ற பெயரில் உலகெங்கும் விற்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து அதற்கு நிரல் எழுதுகிறார்கள். 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இவர்கள் யாரும் இன்னொருவர் எழுதிக்கொடுத்த தாளை வைத்து வேலை செய்யவில்லை. வாடிக்கையாளரின் வலியைத் தாங்களே தேடிப் போனார்கள்.

எல்லோரும் நிறுவனம் தொடங்க முடியாது, தொடங்கவும் வேண்டாம். ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் கணக்கு இன்னும் நோட்டில் எழுதப்படுகிறது. எந்த ஆர்டர் எந்த ஜாப் ஒர்க் யூனிட்டில் நிற்கிறது என்று தெரியாமல், கப்பல் ஏற்றும் தேதி நெருங்கும்போது முதலாளி பைக்கில் யூனிட் யூனிட்டாக ஓடுகிறார். சிவகாசி அச்சகங்களிலும் கோவை பம்ப்செட் பட்டறைகளிலும் இதே நிலைதான். இரண்டு சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் வேலையைப் பார்த்து, ஒரு சிறு நிரல் எழுதிக்கொடுத்துப் பாருங்கள். பணம் பெரிதாக வராது. ஆனால் பயன்படுத்துகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிரல் எழுதினால் எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். அலுவலகத்தில் அடுத்த டிக்கெட்டைத் திறக்கும்போது அந்த முகத்தைத் தேடத் தொடங்குவீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

திறமை மட்டும் போதாது என்று முன்பே சொன்னேன். இரண்டு விஷயங்களை இளைஞர்கள் முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும்.

ஒன்று, பணம். முதல் சம்பளத்தோடு கார், மூன்றாம் வருடம் அடுக்குமாடி வீடு, சம்பளத்தில் பாதிக்கு மேல் இஎம்ஐ என்று ஓடுகிறவருக்குப் புதிய துறையைக் கற்கவோ, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் நல்ல வேலைக்கு மாறவோ துணிவு வராது. ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் இருந்தால், மேலாளர் முன்னால் நிமிர்ந்து உட்கார முடிகிறது. ஊரில் அப்பா, அம்மா இதைப் புரிந்துகொண்டு, கல்யாணக் கடன், வீட்டுக் கடன் என்று அவசரப்படுத்தாமல் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மற்றொன்று, உரிமை. ஆள்குறைப்பு பெரும்பாலும் ஆள்குறைப்பு என்ற பெயரில் வருவதில்லை. மனிதவளப் பிரிவினர் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகக் கிடைக்கும் என்பார்கள். பயத்தில் அங்கேயே ராஜினாமா பட்டனை அமுக்கிவிடுகிறவர்களே அதிகம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆள்குறைப்புச் செய்தால் முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். மறுதிறன் பயிற்சி நிதியாகக் கூடுதலாக 15 நாள் ஊதியமும் சேர வேண்டும். தொழில்நுட்பப் பணி செய்கிறவரும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறார். மேலாண்மைப் பணியில் இருப்பவர் வருவதில்லை. தானாக ராஜினாமா செய்தவருக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே அந்த அறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவகாசம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், வெளியே வந்து ஒரு வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசுங்கள். ஐடி ஊழியர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அது தவறான எண்ணம் என்று இன்று சொல்கிறேன்.

நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும்

தகவமைத்துக்கொள்ளும் சுமை முழுவதையும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயம் ஆகாது. ஆட்களின் எண்ணிக்கைக்கும் மணிக்கணக்குக்கும் பில் போடுகிற நிறுவனத்தில், ஒரு வேலையை விரைவாக முடிக்கிறவரால் நிறுவனத்துக்கு நஷ்டம். அந்தக் கணக்கு முறை மாறாமல் ஊழியரைப் புதுமை செய் என்று சொல்வதில் பொருளில்லை. ஒரு ஊழியரை ‘ரிசோர்ஸ்’ என்று அழைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் மாற்றி அனுப்பினால் அவர் எந்தத் தொழிலை ஆழமாகக் கற்பார்? ஐந்து வருடம் ஒரே துறையில் நிற்க விடுங்கள். வாடிக்கையாளரின் பணியிடத்தை நேரில் பார்க்க, மூத்தவர்களை மட்டும் அனுப்பாமல், நிரல் எழுதுகிறவர்களையும் அனுப்புங்கள். புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டு இயந்திரத்தை நம்பினால், பத்து வருடம் கழித்து மூத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கும் நிறுவனங்களே பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலர் கேட்கும் நான்கு மொழிகளின் பெயர்களை ஒப்புவிக்க வைக்கிறோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரையும் உள்ளூரில் ஒரு கூட்டுறவு வங்கிக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, மளிகை மொத்த வியாபாரியிடமோ ஒரு பருவம் அனுப்பலாம். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. ஒரு தொழிலை அருகில் இருந்து கவனிக்கும் பயிற்சிக்கும் அதில் இடம் வேண்டும்.

ஓர் ஆவணத்தின் கடைசிப் பத்தி

சில மாதங்களுக்கு முன் என் குழுவில் இருக்கும் அருப்புக்கோட்டைப் பெண் ஒருவர், மாலை கேப் வரும் நேரத்தில் என் மேசைக்கு வந்தார். வாடிக்கையாளர் நிறுவனம் பெங்களூரில் சொந்த மையம் திறந்திருக்கிறது. அவர் நான்கு வருடமாகப் பார்த்துவந்த வேலை அங்கே போகிறது. “அண்ணா, கேடி கொடுக்கச் சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் நமக்கு என்ன மிச்சம்?” என்று கேட்டார்.

பனி பெய்த அந்த மூன்றாவது மாடி எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் குறிப்பேட்டைத் தந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று இருபது வருடம் கழித்து முதல்முறையாக யோசித்தேன். “முழுசா குடும்மா. ஒளிச்சுவெச்சு யாரும் பிழைச்சது இல்ல. ஆனா எழுதும்போது நீயும் ஒருவாட்டி கத்துக்கோ” என்றேன்.

ஆறு வாரம் கழித்து அவர் தயாரித்த ஆவணத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நிரலுக்கும் நேராக, என்ன செய்கிறது, எப்போது ஓடுகிறது, நின்றால் என்ன செய்ய வேண்டும் என்ற வழக்கமான பத்திகள். கடைசியாகப் புதிதாக ஒரு பத்தி, ‘ஏன்’ என்ற தலைப்பில். அதை நிரப்புவதற்காக வாடிக்கையாளர் நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் இருப்பவர்களை மாலை மாலை அழைத்துப் பேசியிருக்கிறார். அவருக்கு மேலே இருந்தவர்கள்கூட நான்கு வருடத்தில் ஒருமுறையும் அவர்களோடு பேசியதில்லை. பதில் கிடைக்காத வரிகளும் இருந்தன. அவற்றை அவர் காலியாக விடவில்லை. அந்த நிறுவனத்தில் யாரைக் கேட்க வேண்டும், எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பார் என்று எழுதிவைத்திருந்தார்.